கிணறு கெட்ட பிறகு கேட்பதா?

எரிவாயுக் கிணறுகளும் நொய்யல் சொல்லும் பாடமும்

நொய்யல் ஆற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. ஒரத்துப்பாளையம் அணை என்று பெயர். திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைப் பக்கம் இருக்கிறது. 1992-ம் ஆண்டில் அதைக் கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டிய அணை அது.

அணை நிரம்பினால் விவசாயிகள் என்ன செய்வார்கள்? மகிழ்ச்சி அடைவார்கள். மதகை எப்போது திறப்பீர்கள் என்று அதிகாரிகளைக் கேட்பார்கள்.

ஒரத்துப்பாளையத்தில் நடந்ததோ தலைகீழ்! தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது என்று விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்!

ஏன்?

அணையில் நின்றது திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவு நீர். நிறமும் உப்பும் கலந்த நீர். அது வயலில் பாய்ந்தால் பயிர் கருகும். கிணற்றில் ஊறினால் குடிக்க முடியாது.

அந்தக் கதை திருப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த கதை. ஆனால், அதே கதை வேறு ஒரு வேடத்தில் வேறு ஊர்களுக்கு வந்துவிடுமோ என்று தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக ஒரு பயம் இருக்கிறது. காவிரி டெல்டாவிலும், புதுக்கோட்டையிலும், ராமநாதபுரத்திலும் அந்தப் பயம் இருக்கிறது.

அங்கே பேசப்படுவது சாயம் அல்ல, எரிவாயு!

எரிவாயுக் கிணற்றுக்கும் சாயப்பட்டறைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு. இரண்டிலும் உப்புத் தண்ணீர் வருகிறது. இரண்டிலும் அந்தத் தண்ணீரை எங்கே விடுவது என்ற கேள்வி வருகிறது.

எரிவாயு என்பது என்ன?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த செடிகளும் சிறு உயிர்களும், பூமியின் சூட்டிலும் அழுத்தத்திலும் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. அந்த வாயுதான் இயற்கை எரிவாயு. அதில் பெரும் பங்கு மீத்தேன்.

மீத்தேனுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்றில் 100 பங்கில் 5 முதல் 15 பங்கு வரை மீத்தேன் கலந்திருந்தால், ஒரு தீப்பொறி போதும். வெடித்துவிடும்!

நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது இது அல்ல. அது புரொப்பேன், பியூட்டேன் என்ற வேறு வாயுக்கள். சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வருகிறதே? அந்த நாற்றம் நம் பாதுகாப்புக்காகக் கம்பெனிக்காரர்கள் கலப்பது. பூமிக்குள்ளிருந்து நேராக வரும் மீத்தேனில் அந்த எச்சரிக்கை நாற்றம் இல்லை.

"ஹைட்ரோகார்பன்" என்ற சொல்லைச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அது எண்ணெய், எரிவாயு எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பொதுப் பெயர். பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம்.

திருப்பூர் மண்ணுக்கு அடியில் எரிவாயு கிடைக்குமா? கிடைக்காது. கொங்கு நாடு கெட்டிப் பாறை நிலம். ஆறும் கடலும் வண்டலைக் கொண்டுவந்து அடுக்கடுக்காகக் குவித்த நிலத்தில்தான் எண்ணெயும் வாயுவும் தங்கும். காவிரி டெல்டா அப்படிப்பட்ட நிலம். ராமநாதபுரம் கரையும் அப்படியே.

பிறகு திருப்பூர்க்காரர்கள் எதற்காகக் கவலைப்பட வேண்டும்?

பனியன் கம்பெனிகளில் தைப்பவர்களிலும், மடிப்பவர்களிலும், பெட்டி கட்டுபவர்களிலும் எத்தனையோ பேருக்கு அந்த மாவட்டங்கள்தான் சொந்த ஊர். தாய் தகப்பன் அங்கே இருக்கிறார்கள். அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ அங்கே இருக்கிறது. பொங்கலுக்குப் பஸ் ஏறுவதும் அங்கேதான்.

இன்னொரு காரணமும் உண்டு. வேறு ஊரிலிருந்து வரும் எரிவாயு, குழாய் வழியாக நம் தோட்டத்தைக் கடக்கிறது! அதைப் பின்னால் பார்ப்போம்.

எப்படி எடுக்கிறார்கள்?

கொங்கு நாட்டில் தண்ணீருக்காக 1,000 அடிக்கு போர் போடுவது புதிதல்ல. எரிவாயுக் கிணறு அதைவிட மிக ஆழமானது. 2,000 மீட்டர், 3,000 மீட்டர் என்று போகும்.

அவ்வளவு ஆழத்துக்குப் போகும் துளை, முதலில் நாம் குடிக்கும் நிலத்தடி நீரைக் கடந்துதான் போக வேண்டும். ஆகவே துளைக்குள் இரும்புக் குழாயை இறக்குகிறார்கள். குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே சிமெண்டை அடைக்கிறார்கள். அடியிலிருந்து வரும் வாயு, மேலே உள்ள நல்ல தண்ணீரில் கலக்காமல் இருக்க இதுதான் காவல்.

சிமெண்டு நன்றாக இருந்தால் காவல் நன்றாக இருக்கும். சிமெண்டில் விரிசல் விழுந்தாலோ, குழாய் துருப்பிடித்தாலோ, காவல் போயிற்று!

வாயு மட்டும் தனியாக வருவதில்லை. ஆழத்தில் இருக்கும் பழைய தண்ணீரும் கூடவே வருகிறது. அது உப்புத் தண்ணீர். சில நாடுகளில் கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பாக வருகிறது. எண்ணெய்ப் பிசுக்கும், பென்சீன் போன்ற நஞ்சுகளும் அதில் கலந்திருக்கலாம்.

சில இடங்களில் வாயு பாறைக்குள் சிறைப்பட்டு இருக்கும். அங்கே தண்ணீரையும், மணலையும், ரசாயனங்களையும் கலந்து பெரும் அழுத்தத்துடன் உள்ளே செலுத்துவார்கள். பாறை வெடித்துப் பிளக்கும். வாயு வெளியே வரும். அமெரிக்காவில் ஏராளமான கிணறுகளில் இந்த முறை கையாளப்படுகிறது.

நிலக்கரிப் படுகையில் இருக்கும் மீத்தேனுக்கு வேறொரு வழி. நிலக்கரியில் தண்ணீரின் அழுத்தம்தான் வாயுவைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரை இறைத்துவிட்டால் வாயு பிரிந்து மேலே வரும். அதாவது, வாயு வேண்டுமானால் முதலில் பூமிக்குள் இருக்கும் தண்ணீரை இறைத்துக் கொட்ட வேண்டும்!

நெல் விளையும் பூமியில் இதைக் கேட்ட விவசாயிகள் திடுக்கிட்டதில் வியப்பு உண்டா?

தண்ணீருக்கு ஆபத்து

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். அங்கே டிமாக் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்தில் எரிவாயுக் கிணறுகள் போட்டார்கள். 2009-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அந்த ஊரில் ஒரு வீட்டின் குடிநீர்க் கிணறு வெடித்தது! தண்ணீர்க் கிணற்றில் மீத்தேன் சேர்ந்திருந்தது.

அதன்பின் பல ஆண்டுகள் வழக்கும் வாதமும் நடந்தன. கடைசியில் 2022-ம் ஆண்டில்தான் முடிவு ஏற்பட்டது. கம்பெனி கோர்ட்டில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. அந்த மக்களுக்குப் புதிய குடிநீர்க் குழாய் அமைக்கப் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது.

கிணறு வெடித்தது 2009. முடிவு வந்தது 2022. நடுவில் 13 ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தை எட்டாம் வகுப்பு படிக்கும் வயதுக்கு வந்துவிட்டது.

அதே நாட்டில் நியூயார்க் மாநிலம் வேறு வழியில் போயிற்று. மக்களின் உடல் நலத்துக்கு என்ன ஆகும் என்று சுகாதார இலாகாவை ஆராயச் சொன்னார்கள். ஆபத்து இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று தெரிந்தது. 2014-ம் ஆண்டு டிசம்பரில், பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் முறைக்குத் தடை விதிப்பதாக அறிவித்தார்கள்.

காற்றுக்கு ஆபத்து

கிணற்றடியில் உபரி வாயுவை உயரமான குழாயின் நுனியில் கொளுத்தி எரிப்பார்கள். இரவிலும் பகல்போல் வெளிச்சம் தெரியும். வெப்பமும் புகையும் சத்தமும் பக்கத்து வீடுகளுக்கு வரும்.

கச்சா எண்ணெயுடனும் வாயுவுடனும் பென்சீன் வருவது உண்டு. அதை நீண்ட காலம் சுவாசித்தால் இரத்தப் புற்றுநோய் வரலாம்.

சில கிணறுகளில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு வரும். அழுகிய முட்டை போல் நாறும். ஆனால், அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நினைப்பவர் உண்மையில் பெரிய ஆபத்தில் இருக்கிறார்!

தீயின் ஆபத்து

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். ஆந்திராவுக்குப் போனால் போதும்.

கோதாவரி டெல்டாவில் பாசர்லபூடி என்று ஓர் ஊர். காவிரி டெல்டாவைப் போலவே நெல்லும் தென்னையும் நிறைந்த பூமி. 1995-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி அங்கே ஓ.என்.ஜி.சி. தோண்டிய கிணற்றில் வாயு கட்டுக்கு அடங்காமல் பீறிட்டது. தீப்பிடித்தது. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, 65 நாட்கள் எரிந்தது! அக்கம் பக்கத்து ஜனங்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

25 ஆண்டுகள் கழிந்தன. கருவிகள் முன்னேறின. ஆனாலும் 2020-ம் ஆண்டு மே 27-ந் தேதி அசாமில் பாக்ஜான் என்ற இடத்தில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் கிணறு பீறிட்டது. ஜூன் 9-ந் தேதி அது தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் 2 பேர் உயிர் இழந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் முகாம்களில் தங்கினார்கள். பக்கத்தில் இருந்த ஏரியிலும் வயலிலும் எண்ணெய் படிந்தது. கிணற்றை அடைக்க நவம்பர் மாதம் ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட விபத்து தினமும் நடப்பதில்லை. நடந்தால், ஊரே காலி செய்ய வேண்டியிருக்கிறது.

குழாயின் ஆபத்து

கிணற்றில் எடுத்த வாயுவைக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள். மண்ணுக்குள் போகும் குழாயை யாரும் பார்ப்பதில்லை. துருப்பிடித்தாலும் வெளியே தெரியாது.

2014-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி. ஆந்திராவில், அதே கோதாவரி டெல்டாவில், நகரம் என்ற கிராமம். விடியற்காலை நேரம். "கெயில்" நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்தது. பெயர்தான் நகரம், அது ஒரு சிறு கிராமம். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்திருக்கவே நேரம் இல்லை. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வீடுகளும் தென்னை மரங்களும் கருகின.

ஈரமில்லாத வாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈரமுள்ள வாயு ஓடியது. ஈரம் இரும்பை அரித்தது. துரு தின்ற இடத்தில் வாயு கசிந்தது. காரணம் இவ்வளவுதான்!

கொங்கு நாட்டில் வந்த குழாய்

அதே கெயில் நிறுவனம்தான் கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோகக் குழாய் போட முன்வந்தது. தமிழ்நாட்டில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்டங்கள் வழியாக, 310 கிலோமீட்டர் தூரம் அந்தக் குழாய் போக வேண்டும். நடுவில் 136 கிராமங்கள்.

இதற்கு 1962-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டப்படி நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. "பயன்படுத்தும் உரிமை"யை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நிலம் உங்கள் பெயரில் இருக்கும். பட்டா உங்கள் பெயரில் இருக்கும். ஆனால், குழாய் போகும் பாதையில் நீங்கள் வீடு கட்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. மரம் நடக் கூடாது. 20 மீட்டர் அகலத்துக்கு, அதாவது சுமார் 65 அடிக்கு இந்தக் கட்டுப்பாடு.

இதற்குச் சட்டம் சொல்லும் நஷ்ட ஈடு, நிலத்தின் விலையில் 100-க்கு 10 பங்கு!

கிணறும் தென்னையும்தான் கொங்கு நாட்டுத் தோட்டத்தின் உயிர். கிணறு வெட்டாதே, தென்னை வைக்காதே என்றால், பட்டாவில் பெயர் இருந்து என்ன பயன்? விவசாயிகள் கொதித்தார்கள். குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று கேட்டார்கள்.

2013-ம் ஆண்டு மார்ச் மாதம் விவசாயிகளை அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். பிறகு அன்றைய முதல்-மந்திரி ஜெயலலிதா, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகவே கொண்டுபோக வேண்டும் என்று சட்டசபையில் அறிவித்தார். கெயில் நிறுவனம் கோர்ட்டுக்குப் போயிற்று. அதே ஆண்டு நவம்பரில் சென்னை ஐகோர்ட்டு மாநில அரசின் உத்தரவை ரத்து செய்தது. மேல் முறையீட்டை 2016-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. குழாய் விஷயத்தில் சட்டம் செய்யும் அதிகாரம் மத்திய அரசுடையது என்று ஆகிவிட்டது.

வழக்கில் தோற்றாலும் விவசாயிகளின் கேள்வி தோற்கவில்லை. பின்னர் கோவை இருகூரிலிருந்து கர்நாடகத்துக்குப் பெட்ரோல், டீசல் கொண்டுபோக வேறொரு குழாய் வந்தபோதும், திருப்பூர் மாவட்ட விவசாயிகள் அதே கேள்வியைக் கேட்டார்கள்: சாலை ஓரம் இருக்க, தோட்டம் எதற்கு?

டெல்டா முன்கூட்டியே கேட்டது

இனிக் காவிரி டெல்டாவைப் பார்ப்போம்.

அங்கே எண்ணெய்க் கிணறுகள் நேற்று வந்தவை அல்ல. நரிமணத்தில் 1980-களிலேயே எண்ணெய் கிடைத்தது. குத்தாலத்திலும் திருமாக்கோட்டையிலும் எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் வந்தன. ஜனங்கள் அவற்றோடு வாழ்ந்து பழகினார்கள்.

மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரி மீத்தேன் எடுக்க 2010-ம் ஆண்டில் ஒரு தனியார் கம்பெனிக்கு உரிமை கொடுத்தபோதுதான் நிலைமை மாறியது. நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டுவார்கள் என்ற விஷயம் ஊர் ஊராகப் பரவியது. இறைக்க இறைக்க நன்னீர் இறங்கும். கடல் பக்கத்தில் இருக்கிறது. உப்பு நீர் உள்ளே புகும். இதுதான் விவசாயிகளின் அச்சம்.

இயற்கை விவசாயத்துக்காக உழைத்த கோ.நம்மாழ்வார் கிராமம் கிராமமாகப் போய் இதை எடுத்துச் சொன்னார். அந்தப் பிரசாரத்தின் நடுவில்தான், 2013-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அவர் காலமானார்.

2013-ம் ஆண்டில் மாநில அரசு திட்டத்தை நிறுத்தி வைத்தது. நிபுணர் குழு அமைத்தது. 2015-ம் ஆண்டில் அனுமதி இல்லை என்று முடிவு செய்தது.

அடுத்து நெடுவாசல். புதுக்கோட்டை மாவட்டத்தில் பசுமையான ஊர். 2017-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி, எண்ணெயும் எரிவாயுவும் எடுக்க நாடு முழுவதும் 31 ஒப்பந்தங்களுக்கு மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்தது. அதில் நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊர் மக்கள் பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் வந்தார்கள். மாணவர்கள் வந்தார்கள். முதல் கட்டப் போராட்டம் மட்டும் 22 நாட்கள் நடந்தது. அந்த ஒப்பந்தப்படி அங்கே கிணறு தோண்டப்படவில்லை.

அதே ஆண்டு ஜூன் 30-ந் தேதி தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்தது. எண்ணெய் வயலில் பரவியது. தீயும் எழுந்தது. ஊரில் தடியடி நடந்தது; 10 பேர் கைதானார்கள்.

கடைசியில், 2020-ம் ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று ஆக்கியது. அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயு, நிலக்கரி மீத்தேன் கிணறுகள் தோண்டக் கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தவற்றுக்கு இந்தத் தடை இல்லை.

ராமநாதபுரம் அந்த மண்டலத்துக்கு வெளியே இருக்கிறது. 2025-ம் ஆண்டில் அங்கே ஓ.என்.ஜி.சி. 20 சோதனைக் கிணறுகள் தோண்ட அனுமதி கிடைத்த செய்தி வெளியாயிற்று. எதிர்ப்புக் கிளம்பியது. அந்த அனுமதியைத் திரும்பப் பெறும்படி மாநில அரசு கூறியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2020-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு செய்த மாற்றத்தின்படி, சோதனைக் கிணறு மட்டும் என்றால் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை!

நொய்யல் காட்டும் கணக்கு

டெல்டாக்காரர்கள் எதற்காக இவ்வளவு பிடிவாதமாக முன்கூட்டியே கேட்டார்கள்? பின்னால் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யல் கணக்கு இருக்கிறது. பார்ப்போம்.

அடர்ந்த நிறம் ஏற்ற, ஒரு லிட்டர் சாயத் தண்ணீரில் 50 கிராமுக்கு மேல் உப்புப் போட வேண்டும். உப்பு துணியில் தங்குவதில்லை. துணி கம்பெனிக்குப் போகிறது. உப்பு ஆற்றுக்குப் போயிற்று.

அணை கட்டி முடித்தது 1992. சில ஆண்டுகளிலேயே அணையில் சாயக் கழிவு தேங்கியது. நஷ்ட ஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 68 கிராமங்களில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று அது கணக்கிட்டது. ஆளுக்கு எவ்வளவு? வகுத்துப் பாருங்கள். 9 ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை!

2006-ல் ஐகோர்ட்டு உத்தரவு. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு. அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி சென்னை ஐகோர்ட்டு, சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மூடும்படி உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியில் மூடின.

அதன்பின் யார் கஷ்டப்பட்டார்கள்? வயல் கெட்ட விவசாயி ஏற்கெனவே கஷ்டத்தில் இருந்தார். இப்போது பட்டறைத் தொழிலாளியும் வேலை இழந்தார். முதலாளியும் கடனில் விழுந்தார். தாமதம் யாரையும் விட்டுவைக்கவில்லை.

இன்று ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடாமல், தண்ணீரைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தும் முறை திருப்பூரில் இருக்கிறது. உப்பைக்கூடப் பிரித்து மறுபடி உபயோகிக்கிறார்கள். செலவு அதிகம்தான். ஆனாலும் செய்ய முடிந்தது. 1992-ல் செய்ய வேண்டியதை 2011-க்குப் பிறகு செய்தோம். நடுவில் 20 ஆண்டுகள் போயின!

ஆற்றில் வெள்ளம் வந்தால் ஆறு கழுவப்படும். கிணற்றுக்கு அடியில் உள்ள நீரை எந்த வெள்ளம் கழுவும்? அது தேற எத்தனையோ மழைக்காலங்கள் வேண்டும்.

மறு பக்கமும் உண்டு

எரிவாயு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் நியாயம் அல்ல.

நிலக்கரியை எரிப்பதைவிட எரிவாயுவை எரித்தால் புகை குறைவு, சாம்பல் இல்லை. மின்சாரத்துக்கும், உரத்துக்கும், பஸ்ஸுக்கும், அடுப்புக்கும் அது உதவுகிறது. திருப்பூரில் பாய்லருக்கு விறகு எரிக்கும் பட்டறைகளுக்கும் அது உதவலாம். நம் நாட்டுக்குத் தேவையான எரிவாயுவில் ஏறக்குறைய பாதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. உள்நாட்டில் கிடைத்தால் பணம் மிச்சம்.

ஆனால், எரிக்காமல் கசியும் மீத்தேன் பூமியைச் சூடாக்கும். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடாக்கும்.

ஆகவே லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. லாபம் நாட்டுக்கு எல்லாம் பரவுகிறது. நஷ்டம் மட்டும் கிணற்றடி ஊரில் தங்கிவிடுகிறது! அந்த ஊர்க்காரர்களைக் கேட்காமல் கணக்குப் போடுவது எப்படி நியாயமாகும்?

என்ன கேட்க வேண்டும்?

உங்கள் ஊரிலோ, உங்கள் சொந்தக்காரர் ஊரிலோ இப்படி ஒரு திட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய படிப்புத் தேவை இல்லை. 5 கேள்விகள் போதும்.

1. தோண்டுவதற்கு முன்பு, ஊர்க் கிணறுகளின் தண்ணீரைச் சோதித்து எழுதி வைத்தீர்களா? முதலில் எழுதி வைக்காவிட்டால், பின்னால் "இந்த உப்பு முன்பே இருந்தது" என்று சொல்லிவிடலாம்.

2. மேலே வரும் உப்புத் தண்ணீரை எங்கே விடப் போகிறீர்கள்? குட்டையிலா, வாய்க்காலிலா, மறுபடி பூமிக்குள்ளா?

3. குழாயை எத்தனை மாதத்துக்கு ஒரு முறை சோதிப்பீர்கள்? சோதித்த விவரத்தை ஊருக்குச் சொல்வீர்களா?

4. வாயு கசிந்தால் நாங்கள் எங்கே ஓட வேண்டும்? யாருக்குப் போன் செய்ய வேண்டும்?

5. கிணறு கெட்டால் யார் தண்ணீர் கொடுப்பார்கள்? எத்தனை ஆண்டு கொடுப்பார்கள்?

கிராம சபைக் கூட்டத்தில் இவற்றைக் கேளுங்கள். தீர்மானமாக எழுதுங்கள். கலெக்டரிடம் மனுவாகக் கொடுங்கள். ரசீது வாங்குங்கள். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் பெண்களும் போகட்டும். தண்ணீர் சுமப்பவர்கள் அவர்கள்தானே?

இன்னும் ஒன்று. குழாய் போகும் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருக்க வேண்டும். தரையில் "உஸ்" என்று சத்தம் கேட்டாலோ, தேங்கிய நீரில் காரணமில்லாமல் குமிழி கிளம்பினாலோ, ஓரிடத்தில் மட்டும் புல் கருகினாலோ, தீக்குச்சி கிழிக்காதீர்கள். மோட்டார் சுவிட்சைத் தொடாதீர்கள். வண்டியைக் கிளப்பாதீர்கள். காற்று வரும் திசைப் பக்கமாக விலகிப் போய், தூரத்தில் நின்று போன் செய்யுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101. அவசர உதவிக்கு 112. குழாய்ப் பாதையில் நட்டிருக்கும் கல்லில் கம்பெனியின் போன் எண்ணும் இருக்கும். அதை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதால் பயன் இல்லை என்பார்கள். கிணறு கெட்ட பிறகு வழக்குப் போட்டு வெல்லலாம். நஷ்ட ஈடும் வாங்கலாம். அந்த ரூபாயை ஊற்றினால் கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுமா?

நொய்யல் கரைக்காரர்கள் தாமதமாகக் கேட்டார்கள். நெடுவாசல்காரர்கள் மறுநாளே கேட்டார்கள். இரண்டு ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் வாயில் ஊற்றிப் பார்த்தால், எது சரி என்று நாக்கே சொல்லிவிடும்!